மூன்றாம் தரத்துக்கு முன்

ஏலம் விடுகிறவர்கள் பொதுவாக அவசரக்காரர்கள். அவர் அப்படி இல்லை. ‘ஒரு தரம்’ என்பதைச் சாதாரணமாகச் சொல்வார். ‘ரெண்டு தரம்’ என்பதைச் சற்று உரக்கச் சொல்வார். அதன்பின் வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தை வலக்கோடியிலிருந்து இடக்கோடிவரை ஒருமுறை பார்ப்பார். பிறகு இடமிருந்து வலமாக இன்னொரு முறை. அந்த இடைவெளியில் ஒரு மனிதன் தன் சட்டைப்பையை நினைத்து, மனைவியின் முகத்தை நினைத்து, பக்கத்து நாற்காலிக்காரர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதையும் நினைத்து, கையைத் தூக்கிவிடுவான். ‘மூணு தரம்’ அவருக்கு வெறும் சடங்கு. அவருடைய திறமை முழுவதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தது.

தாம்பரத்தில், ரயில் பாதைக்கு மேற்கே இருந்த எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அவர் பொருளாளர். ஆண்டுதோறும் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணி, வாழைத்தார், கோழி, கேக், ஊறுகாய் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம் விடுவது வழக்கம். கடைவிலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒரு பூசணிக்காயை வாங்கிக்கொண்டு போகிறவனை அன்று யாரும் ஏமாளி என்று சொல்ல மாட்டார்கள். சந்தையின் வேடத்தைப் போட்டுக்கொண்டு நடந்த தர்மம் அது. வேடத்தையே உடம்பாக்கியவர் அவர்.

அவரை எனக்குப் பிடித்ததில்லை. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது கடைப்பிடிக்கும் மரியாதை அவருக்குத் தேவைப்படாது. அவர் நலமாக இருக்கிறார். வீட்டை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு மகளுடன் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. பெயரைச் சொல்லாமல் விடுவது அவருக்காக அல்ல. சொன்னால், எங்கள் சபையில் இன்றும் சிலர், “அவர் உங்களை ஏமாத்தினாரா சார்?” என்று கேட்பார்கள். இல்லை என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாரநாட்களில் அவர் ஊரப்பாக்கத்திலும் அதற்கு அப்பாலும் மனை விற்றார். மென்பொருள் நிறுவனங்கள் வந்து, ஏரிக்கரைகள்கூட நகர்களாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய அளவு டேப் இருக்கும். ஆயர் பிரசங்கம் செய்யும்போது அதை இழுப்பதும் விடுவதுமாக இருப்பார். தொலைபேசியை எடுத்தால், ‘ஹலோ’வுக்குப் பதில் ‘பிரைஸ்’ என்பார்; ஒரு மூச்சு விட்டு ‘த லார்ட்’ என்று முடிப்பார். “எந்த பிரைஸைச் சொல்றாருன்னு தெரிய, லார்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்” என்பாள் என் மனைவி. ஞாயிறு பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் சொன்னவள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் இப்படித்தான்.

“விலை பொய் சொல்லாது சார்” என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். “மனுஷன் வாய்தான் சொல்லும். எங்க அம்மான்னா எனக்கு உசிருன்னு ஒருத்தன் சொல்வான். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்னு கேளுங்க. உசிரு எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்.”

பெருமழை பெய்து, எங்கள் பக்கத்துத் தாழ்வான நகர்களில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஆண்டில், சபைப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் பல குடும்பங்கள் தங்கியிருந்தன. அவர்களில் ஒருவர், நனைந்த பத்திரங்களைப் பெஞ்சில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“இது நீங்க வித்த மனைதானே சார்?”

“ஆமா தம்பி. விக்கும்போது என்ன சொன்னேன்? தண்ணி நிக்கும், அதனாலதான் இந்த ரேட்டுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க.”

“மேட்டுல இருந்த மனையையும் காட்டினேனா?”

“காட்டினீங்க. அதுக்கு என்கிட்ட ஏது சார் பணம்?”

“அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும், நீயே சொல்லு.”

அந்த மனிதர் குனிந்து, நனைந்த பத்திரம் ஒன்றைப் புரட்டிப் போட்டார். நான் வாளியோடு அருகில் நின்றிருந்தேன். பொருளாளர் ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அவரை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். இன்னொன்றையும் மறைக்க எனக்கு உரிமையில்லை: அன்று பரிமாறிய உப்புமா அவர் செலவு. அந்த மனிதரின் தட்டில் அவரே இரண்டாம் முறை போட்டார். “சூடா இருக்கு, மெதுவா” என்றும் சொன்னார்.

பாக்கியம்மாளின் கோழி விஷயம் அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. பாக்கியம்மாள் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவர். எங்கள் சபையில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. கொடுக்க இயலாத ஒருவர் எதையாவது கொண்டுவந்து வைத்தால், ஏலத்தில் அவரே முதல் விலை கேட்பார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று தரமும் மளமளவென்று சொல்லப்பட்டு, பொருள் அவரிடமே திரும்பிவிடும். காணிக்கை கொடுத்ததாகவும் ஆயிற்று, கோழி வீட்டுக்குப் போனதாகவும் ஆயிற்று. அதற்கு ‘மீட்டுக்கொள்வது’ என்று பெயர். மீட்பு என்ற சொல்லை எங்கள் ஆட்கள் அதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

பாக்கியம்மாள் தன் கோழிக்குத் தானே விலை கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். ‘ஒரு தரம். ரெண்டு தரம்.’ அதன்பின் பொருளாளர் வலமிருந்து இடமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“இன்னா சார், நான் வளத்த கோழி, நானே கேக்கறேன். இன்னாத்துக்கு இய்த்துக்கினு கீறீங்க?” என்றார் பாக்கியம்மாள். கூட்டம் சிரித்தது.

பொருளாளரும் சிரித்தார். பிறகு, “கர்த்தருக்கு இவ்வளவுதானா? இத்தனை பேர் நிக்கறீங்க, ஒரு கோழிக்கு இதுதான் விலையா?” என்றார். வெட்கப்பட்டு யாரோ ஒருவர் கையைத் தூக்கினார். ஒருவர் தூக்கியதும் இன்னொருவர். பாக்கியம்மாள் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “பேஜாரு புடிச்ச ஏலம்” என்று வெளியே போனார். அடுத்த வாரம் ஆலயத்தைத் துடைக்க வந்தார். பண்டிகைக்கு அதன்பின் எதையும் கொண்டுவரவில்லை. அந்த ஆண்டு ஏலத்தில் சேர்ந்தது அதுவரை சேர்ந்ததில் அதிகம் என்று பொருளாளர் அறிக்கை வாசித்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

தட்டாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை. ஒரு கல்லூரியில் ஆயுள் முழுவதும் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஏலத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில், சந்தையும் கிறிஸ்தவ அறமும் என்ற பொருளில் பேசியிருந்தேன். களவு செய்யாதே என்ற கட்டளை, உடைமை என்ற ஒன்றை ஒப்புக்கொள்கிறது என்றேன். தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்து எவனும் தருமவானாக முடியாது என்றேன். அதிகாரி ஆணையிடுகிறான், விலையோ கேட்கத்தான் செய்கிறது. ஆகவே மனிதர்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறைகளில் விலையே பாவம் குறைந்தது என்றேன். விசுவாசிகளின் தகப்பன் என்று நாங்கள் சொல்லும் ஆபிரகாம், இறந்துபோன மனைவியை அடக்கம் செய்ய அந்நிய தேசத்தில் நிலம் கேட்டபோது, அந்த ஊரார் இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்து, முழு விலையையும் நிறுத்துக் கொடுத்து வாங்கினார். தாராளத்தைவிடத் தெளிவு மேலானது என்பதற்கு அதை உதாரணமாகக் காட்டினேன். நன்றாகத்தான் பேசினேன்.

முன்வரிசையில் அமர்ந்து டைரியில் குறித்துக்கொண்டிருந்தவர் அவர். முடிந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

“நான் செய்யறது ஒருவேளை பாவமோன்னு ஒரு மூலையில உறுத்திக்கிட்டே இருந்துச்சு சார். இன்னிக்கு அதைக் கழுவி விட்டுட்டீங்க.”

வீட்டுக்கு நடந்துபோகையில் என் மனைவி சொன்னாள்: “நல்லாப் பேசினீங்க. ஆனா உறுத்தல் இருந்த ஒரே மனுஷனுக்கும் அதை எடுத்து விட்டுட்டீங்களே.”

எங்கள் கல்லறைத் தோட்டம் சிறியது. ஒரு பக்கம் ரயில் பாதை, மற்ற மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். பால்கனியில் துணி உலர்த்துகிறவர்கள் எங்கள் அடக்க ஆராதனையைப் பார்த்துக்கொண்டே கிளிப் மாட்டுவார்கள். எங்கள் மகள் அங்கே, மதிலோரம் இருக்கிறாள். ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனவள். அவளை அடக்கம் செய்த அன்று, அப்போதிருந்த ஆயர் பக்கத்து இடத்தைக் காட்டி, “இது அம்மாவுக்கு இருக்கட்டும்” என்றார். எதிலும் எழுதவில்லை. என் மனைவி ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மகளின் கல்லறைக்கு முன்னால் நிற்க மாட்டாள்; அந்தப் பக்கத்து இடத்தில் நிற்பாள். தன் இடத்தில் நின்று மகளைப் பார்ப்பாள். முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் துண்டு நிலத்தில் புல் சரியாக வளர்ந்ததில்லை.

மழைக்கு அடுத்த ஆண்டு, தோட்டத்தில் மீதமிருக்கும் இடங்களை என்ன செய்வது என்று, சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் பேச்சு வந்தது. பொருளாளர்தான் கொண்டுவந்தார்.

“பதினோரு இடம்தான் பாக்கி. சிபாரிசுல குடுத்தா சண்டை. வயசுப்படி குடுத்தா யாரு முதல்ல போவாங்கன்னு நாம கணக்குப் போடணும். குலுக்கல் போட்டா அது சூதாட்டம். நான் ஏலம்னு சொல்றேன். வர்ற பணத்துல மதில் கட்டலாம், ஏழைகளுக்குப் பொதுக் கல்லறையில அடக்கச் செலவு குடுக்கலாம். தப்புன்னா சார் சொல்லட்டும். சார் சொன்ன ஆபிரகாம்தான் இது.”

ஆயர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் ‘இது வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய கல்வியும் வயதும் எனக்குத்தான் இருந்தன. பற்றாக்குறையான பொருளைப் பங்கிட ஏலத்தைவிடப் பாரபட்சமற்ற முறை இல்லை என்று சொல்லி, தீர்மானத்தை வழிமொழிந்தேன்.

அப்போது என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை பல்லாவரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். செய்தியைச் சொன்னதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பாப்பா பக்கத்து இடமும் அந்தப் பதினொண்ணுல சேர்த்தியா?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சேர்க்க மாட்டாங்க” என்றேன்.

சொத்துரிமையைப் பற்றி அத்தனை ஆண்டு வகுப்பெடுத்தவன், எழுதப்படாத உரிமையைச் சந்தை பார்ப்பதில்லை என்பதை மறந்தேன். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டபோது அந்த இடம் ஏழாம் எண்ணாக இருந்தது. அவரிடம் போனேன்.

“ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லியே சார்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “உங்களுக்குன்னு எடுத்து வெச்சா, புரொபசருக்கு மட்டும் என்னான்னு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. தீர்மானத்தை வழிமொழிஞ்சதும் நீங்க. பேசாம வந்து கை தூக்குங்க. நம்ம ஜனங்க உங்களோட போட்டி போட மாட்டாங்க.”

அதில் அவர் சொன்னது சரி. ஒரு சனிக்கிழமை காலை, ஜெபத்துக்குப் பின், ஏழாம் எண் வந்தபோது நான் கை தூக்கினேன். சபை முழுவதும் தரையைப் பார்த்தது. பழைய வழக்கம் சாகவில்லை என்று நினைத்தேன். ‘ஒரு தரம்’ என்றார். ‘ரெண்டு தரம்’ என்றார். நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலமிருந்து இடமாகப் பார்த்தார். பிறகு இடமிருந்து வலமாக.

மேடவாக்கத்திலிருந்து புதிதாகச் சபையில் சேர்ந்த ஓர் இளைஞர் கையைத் தூக்கினார். படுக்கையில் கிடந்த தந்தைக்காக வந்தவர். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் எவரும் அவருடைய முழங்கையைத் தொடவில்லை. நான் கூட்டினேன். அவர் கூட்டினார். என் சேமிப்பின் எல்லை வந்தது. அதற்கு அப்பால் இருந்தது ஒரு வைப்புநிதி. அவளுடைய சிகிச்சைக்கென்று ஒதுக்கியது. உயிரோடு இருக்கிறவளின் பணத்தை எடுத்து, இறந்தபின் அவள் கிடக்கப்போகும் இடத்தை வாங்குவதா? இந்தக் கேள்விக்கு விடை அன்றும் எனக்குத் தெரியும், இன்றும் தெரியும். நிறுத்திவிட்டேன். என் முடிவு சரியானது.

‘ஒரு தரம். ரெண்டு தரம்.’ இந்த முறை அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னை மட்டுமே பார்த்தார். மதிலுக்கு அப்பால் செங்கல்பட்டு ரயில் ஒன்று வந்தது. முழு ரயிலும் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு நேரம் காத்திருந்து யாரும் கண்டதில்லை. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

‘மூணு தரம்.’

நடந்தே வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஊசி குத்திய கையில் கட்டுடன், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு. மேடவாக்கத்துப் பையன். அவங்க அப்பாவுக்கு.”

“நல்ல பையனா?”

“நல்லவர் மாதிரிதான் தெரியுது.”

“அப்போ அப்பாவும் நல்லவராத்தான் இருப்பார். பாப்பாவுக்குப் பக்கத்துல ஒரு தாத்தா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: “நீங்க எவ்வளவுல நிறுத்தினீங்க?”

ஒரு தொகையைச் சொன்னேன். அது நான் நிறுத்திய தொகை அல்ல. வைப்புநிதியையும் சேர்த்தால் வந்திருக்கும் தொகை. என்னிடம் இருந்த அனைத்தையும் வைத்தும் தோற்றுப்போனேன் என்று அவள் நினைக்கட்டும் என்று சொன்னேன். விலை பொய் சொல்லாதுதான்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “அவ்வளவு எதுக்குங்க” என்றாள். “கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

நான்காம் மாதம் அவள் இறந்தாள். பொதுக் கல்லறையில், யாரென்று தெரியாத இருவருக்கு நடுவில் அடக்கம் செய்தோம். மகளிடமிருந்து அவளிடம் போக இப்போது நான் இரண்டு பேருந்து மாற வேண்டும்.

துக்கம் கேட்க அவரும் வந்தார். அளவு டேப்பை அன்று கொண்டுவரவில்லை. சட்டைப்பை காலியாக இருந்தது. ஜெபித்தார். உருக்கமாகவே ஜெபித்தார். எழுந்து செருப்பு மாட்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ரயில் போற வரைக்கும் நின்னேன் சார், உங்களுக்காகத்தான். அந்தப் பையன் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை தூக்கியிருந்தீங்கன்னா விட்டிருப்பான். எனக்குத் தெரியும், எத்தனை கையைப் பாத்திருக்கேன். ஏன் சார் தூக்கல?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருடைய மார்க்கத்தில் இரக்கம் என்று ஒன்று உண்டென்றால், அது அந்த இடைவெளிதான். அதை எனக்கு இருப்பதிலேயே நீளமாக அளந்து கொடுத்திருந்தார். பாக்கியம்மாளை அவர் நடத்தியதைக்கூட ஒருநாள் நான் மன்னிக்கக்கூடும். எனக்காகக் காத்திருந்ததை மன்னிக்க மாட்டேன்.

நாற்பதாம் நாள் கழிந்து, பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் எஸ்தர், என் மனைவியிடம் இரவல் வாங்கியிருந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்.

“ஏலம் முடிஞ்ச உடனே அக்கா எனக்குப் போன் பண்ணாங்க சார். நீங்க வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டீங்க. எவ்வளவுக்குப் போச்சு, சார் எவ்வளவுல நிறுத்தினாருன்னு கேட்டாங்க. நான் உள்ளதைச் சொல்லிட்டேன். ‘நிறுத்தினாரா, நல்ல வேளை’ன்னு சிரிச்சாங்க. சொன்னது தப்பா சார்?”

“இல்லம்மா” என்றேன்.

வேதாகமத்தில், காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த கர்த்தர், ஒரு விதவை போட்ட இரண்டு காசைப் பார்த்து, அவளே எல்லோரையும்விட அதிகம் போட்டாள் என்றார். போட்டதை அல்ல, போட்டபின் கையில் மிஞ்சியதை வைத்து அளந்தார். என் உரையில் நான் சேர்க்காமல் விட்ட பகுதி அது. யார் அதிகம் கொடுத்தார் என்று ஏலத்தில் தெரியும். யாருக்கு என்ன மிஞ்சியது என்று தெரியாது. எனக்கு மிஞ்சியது வங்கியில் இருக்கிறது. முதிர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது கல்லறைத் தோட்டத்து ரயிலை அல்ல. தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியை. தொகை தெரிந்தபின்தான் அவள் கேட்டாள். நான் பொய் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளதைச் சொல்ல எனக்கு அவள் கொடுத்த நேரம் அது. நிறுத்தினேன், உனக்காகத்தான் நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

அவளும் எனக்காகக் காத்திருந்தாள். நான் கையைத் தூக்கவில்லை.